கடைசி வரிசை அக்காவிடம் கேட்ட கேள்வி



இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும்னு கேட்டாங்க. நம்ம கூட்டமைப்பில் எத்தனை குழு, எவ்வளவு சேமிப்பு, எவ்வளவு கடன் என்பதெல்லாம் ஆண்டறிக்கைப் பக்கத்தில் இருக்கு. அதைத் திரும்ப எழுத நான் விரும்பவில்லை. பெண்கள் குழுவாகப் போய், ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கேள்வி கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்லி, கடனோ வேலையோ திட்டமோ வாங்கி வந்த கதை ஒண்ணு இருக்கு. அதுக்கும் வரலாறு உண்டு. அதைத்தான் எழுதுகிறேன். அந்த வரலாறு தெரியாமல் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் தோற்ற நாள்

எங்கள் குழு ஆரம்பித்து ஆறு மாதம் முடிந்திருந்தது. முதல் தரம் பிரிப்பு. நான் ஊக்குநர். பேங்கிலிருந்து ஒருவர், வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர், தொண்டு நிறுவனத்து அம்மா ஒருவர் என்று மூன்று பேர் வந்தார்கள். கோயில் திண்ணையில் பாய் விரித்து, தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பேரேடு எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். ஒருத்தி டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

எனக்கு எல்லாம் மனப்பாடம். சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எத்தனை பேருக்கு, வட்டி என்ன, நிலுவை என்ன என்று நிறுத்தாமல் சொன்னேன். பேங்க் அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் என்னைத் தாண்டி, கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்.

"அம்மா, உங்க குழுவுல கடனுக்கு என்ன வட்டி? கடைசியா யாருக்குக் கடன் குடுத்தீங்க?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாங்க. நான் வாயைத் திறந்தேன். "நீங்க இருங்கம்மா, அவங்க சொல்லட்டும்" என்றார். அக்கா சேலை முந்தானையைத் திருகிக்கொண்டு, "எல்லாம் ஊக்குநருக்குத்தான் தெரியும் சார்" என்றாங்க. அடுத்து இருந்த ரெண்டு பேரைக் கேட்டார். அவங்களும் என்னையே பார்த்தாங்க.

மூணு மாசம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடன் வரும் என்ற நம்பிக்கையில் எங்கள் உறுப்பினர் ஒருத்தி கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். மாட்டுக்காரர் காத்திருக்கவில்லை. அட்வான்ஸும் திரும்பி வரவில்லை. அந்தக் கோபம் எல்லாம் தூணோர அக்கா மேல் திரும்பியது. "ஒரு வட்டிக் கணக்குகூட சொல்லத் தெரியலையா" என்று அவங்க முகத்துக்கு நேராகவே கேட்டாங்க. அக்கா அடுத்த ரெண்டு கூட்டத்துக்கு வரவில்லை. நானும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தப்பு அக்காவுடையது என்றுதான் நானும் நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, பயிற்சிக்காக வெளியூர் போய், நமக்கு முன்னால் மேசைக்கு முன் உட்கார்ந்த பெண்களைப் பற்றித் தெரிந்துகொண்டபோதுதான், தப்பு யாருடையது என்று எனக்கு விளங்கியது.

கையெழுத்துப் பழகிய இரவு

நம்ம ஊரில் குழு வருவதற்கு முன்னாடியே, குஜராத்தில் அகமதாபாத்தில் சேவா என்ற சங்கம் இருந்தது. 1972-ல் இலா பட் தொடங்கியது. காய்கறி விற்கிறவங்க, தலைச்சுமை தூக்குகிறவங்க, பழைய துணி வாங்கி விற்கிறவங்க, வீட்டிலிருந்து தைக்கிறவங்கதான் உறுப்பினர்கள். காலையில் வட்டிக்குக் கடன் வாங்கி, சாயங்காலம் கட்டி, மறுபடி காலையில் வாங்குகிற பிழைப்பு. பேங்குக்குள் போனால் மதிப்பாரில்லை. அதனால் நமக்கு நாமே ஒரு வங்கி தொடங்கலாம் என்று அந்தப் பெண்களே முடிவு செய்தார்கள். 4,000 பேர் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள்.

கூட்டுறவுப் பதிவு அலுவலகத்தில் தயங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வங்கி நடத்துவதா? கையெழுத்தே போடத் தெரியாதவங்க எப்படிப் பொறுப்பாளராக இருப்பது? அந்தக் கேள்விக்கு இலா பட் ஒருத்தர் மட்டும் வாதாடிப் பதில் சொல்லியிருக்கலாம். அவர் சட்டம் படித்தவர். ஆனால் பொறுப்பாளர்களான பெண்களே ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். மறுநாள் அதிகாரி முன்னால் ஒவ்வொருத்தரும் தன் கையால் கையெழுத்துப் போட்டார்கள். 1974-ல் வங்கி பதிவானது.

சட்டம் தெரிந்த ஒருத்தர் கூட இருந்தும், சந்தேகம் யார் மேல் வந்ததோ அவங்களே பதில் கொடுத்தாங்க. அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

சென்னையின் தெருக் குழுக்கள்

நம்ம தமிழ்நாட்டில் 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் மன்றத்தைத் தொடங்கினார். அப்போது பேங்குகளில் ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் ஒரு கடன் இருந்தது. இருந்தும் என்ன? பூ விற்கிற, இட்லி சுட்டு விற்கிற பெண் தனியாகப் போய் விண்ணப்பம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் ஒரே தெருவில், ஒரே பகுதியில் இருக்கிற பெண்களைப் பத்து, இருபது பேராகச் சேர்த்தார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீன். அவர்களில் ஒருத்தியே தலைவி. விண்ணப்பம் நிரப்புவது, பேங்குக்குக் கூடப் போவது எல்லாம் அந்தத் தலைவி. நிலபுலன் பத்திரம் எதுவும் இல்லாத பெண்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரியின் வாக்குத்தான் பத்திரமாக இருந்தது. பேங்க் நடைமுறைகளில் கஷ்டம் தொடர்ந்ததால், 1981-ல் அவர்களே தனியாகக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கிவிட்டார்கள்.

ஒருத்தி தோற்றால் எல்லாரும் காத்திருக்கணும்

பங்களாதேஷில் முகமது யூனுஸ் 1976-ல் ஜோப்ரா என்ற கிராமத்தில் சிறு கடன் கொடுக்கத் தொடங்கினார். 1983-ல் அது கிராமீன் வங்கி ஆனது. அங்கே ஐந்து பேர் சேர்ந்தது ஒரு குழு. கடன் வாங்கும் முன் அவர்களுக்கு ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் என்றால், வங்கிக்காரர் தலைவியை மட்டும் கேட்பதில்லை. ஒவ்வொருத்தரையும் தனித்தனியாகக் கேட்பார். வங்கியின் விதி என்ன, குழுவின் கடமை என்ன என்று. ஒருத்திக்குத் தெரியவில்லை என்றால் குழு முழுக்கத் திரும்பிப் போய்ப் படித்துவிட்டு வரணும்.

தேர்வுக்கு முன்னாடி அந்தப் பெண்கள் பயந்து நடுங்குவார்களாம். ஆனால் அந்தப் பயமே ஒரு வேலை செய்தது. தெரிந்தவள் தெரியாதவளுக்குச் சொல்லிக்கொடுத்தே ஆகணும். சொல்லிக்கொடுக்காமல் தான் மட்டும் கெட்டிக்காரியாக இருந்தால் அவளுக்கும் கடன் கிடையாது.

என்னைப் போன்ற ஊக்குநருக்கு அந்தத் தேர்வு நடந்திருந்தால் முதல் மாதமே பாடம் கிடைத்திருக்கும்.

தருமபுரியில் தொடங்கி நம்ம ஊர் வரை

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் ஏற்பட்டது. சுய உதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக வந்தது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி, பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவியது. 1997-98-ல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. குழுவுக்கு 12 முதல் 20 பேர், ஒரு ஊக்குநர், ரெண்டு பிரதிநிதிகள் என்ற அமைப்பு நம்ம எல்லாருக்கும் தெரிந்தது.

1992-ல் நபார்டு வங்கி நாடு முழுக்க 500 குழுக்களை பேங்கோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. அடமானம் இல்லை. குழுவின் சேமிப்பைப் பார்த்து, அதற்குச் சமமாக, பிறகு நாலு மடங்கு வரை கடன். அடமானம் இல்லாத இடத்தில் பேங்க் எதை நம்பும்? குழுவையே பார்த்து எடை போடணும். அப்படித்தான் தரம் பிரிக்கும் பட்டியல் வந்தது. 1999-ல் சுவர்ண ஜெயந்தி கிராம சுயவேலைவாய்ப்புத் திட்டம் வந்தபோது, ஆறு மாதம் முடிந்த குழுவுக்கு முதல் தரம் பிரிப்பு, அதில் தேறினால் சுழல் நிதி, பிறகு இரண்டாம் தரம் பிரிப்பு, அதில் தேறினால் தொழில் கடன் என்று படிகள் ஏற்பட்டன.

அந்தப் பட்டியலை நான் ஒரு பயிற்சியில்தான் முதல்முறை கையில் வாங்கிப் படித்தேன். கூட்டம் ஒழுங்காக நடக்குதா, வருகை எவ்வளவு, சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், புத்தகங்கள் என்று நாம் எதிர்பார்த்த எல்லாம் இருந்தன. அதோடு ரெண்டு வரி இருந்தது. ஒன்று, கூட்டத்தில் உறுப்பினர்கள் எல்லாரும் கலந்து பேசுறாங்களா? இன்னொன்று, குழுவின் விதிகள் எல்லாருக்கும் தெரியுமா? ரெண்டுக்கும் தனித்தனி மார்க்.

அப்போதுதான் அந்தப் பேங்க் அதிகாரி ஏன் என்னைத் தாண்டிப் பார்த்தார் என்று விளங்கியது. நான் பேசப் பேச, அவர் மார்க்கைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். நோட்டு ஆறு மாதமும் என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. கணக்கை நானே எழுதி, நானே கூட்டி, "கையெழுத்துப் போடுங்க"ன்னு நீட்டினேன். அக்காவுக்கு வட்டி தெரியாமல் போனது என்னால்.

2005-ல் புது வாழ்வுத் திட்டம் வந்தபோது இந்தப் பழக்கம் இன்னும் பெரிசானது. கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் தன் ஊர்த் திட்டத்தைத் தானே போட்டு, கிராம சபையில் எல்லார் முன்னாலும் வைத்து ஒப்புதல் வாங்கணும். குழுவுக்குள் பேசிப் பழகிய பெண் ஊர் முன்னால் மைக்கில் பேசினாள். 2011-க்குப் பிறகு தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் ஐந்து சூத்திரம் என்று சொல்கிறோமே, அதுவும் பழைய பட்டியலின் வாரிசுதான்.

இரண்டாம் முறை

என் சொந்தக் கதைக்கு வருகிறேன். மூணு மாதம் கழித்து அந்த மூன்று பேரும் திரும்ப வந்தார்கள். அப்போது எனக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. தொண்டு நிறுவனத்து அம்மா ஒன்று மட்டும் சொல்லியிருந்தார்: "இனிமே கணக்கை நீ வாசிக்காத. வாரம் ஒருத்தர் வாசிக்கட்டும்."

முதலில் தூணோர அக்கா வீட்டுக்கு நானே போனேன். கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். "மன்னிச்சிடுங்கக்கா, நோட்டை உங்க கையில குடுக்காதது என் தப்பு"ன்னு சொன்னேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆடு வாங்கி விற்கிறவங்க, வாய்க்கணக்கில் புலி. அவங்க வாய்க்கணக்காகச் சொல்ல, அவங்க மகள் வாசிக்க, வாரா வாரம் அந்த வார வட்டியைக் கூட்டத்தில் சொல்வது அக்காவின் வேலை என்று வைத்தோம்.

இரண்டாம் தடவை அதே கேள்வி வந்தது. அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "நூத்துக்கு ரெண்டு ரூபா சார். போன வாரம் மூவாயிரம் குடுத்தோம், பையன் காலேஜ் பீஸுக்கு. மாசம் அறுபது ரூபா வட்டி வரும்" என்றாங்க. மாட்டுக்கு அட்வான்ஸ் இழந்த பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள். சுழல் நிதி கிடைத்தது.

நாலு கூட்டமைப்பு, ஒரே கேன்டீன்

பிறகு வந்ததுதான் போட்டி. ஒரு அலுவலக வளாகத்தில் கேன்டீன் நடத்த விண்ணப்பம் கேட்டார்கள். நாலு கூட்டமைப்புகள் போட்டோம். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் பேசணும், பிறகு கேள்வி. எங்களுக்கு முன்னால் போன குழுவில் நன்றாகப் படித்த ஒரு தங்கச்சி கம்ப்யூட்டரில் படம் காட்டி அழகாகப் பேசினாள் என்று வெளியில் சொன்னார்கள். எங்களுக்குக் கை கால் நடுங்கியது.

நாங்கள் ஐந்து பேர் போனோம். தலைவி ரெண்டு நிமிஷம் யார் நாங்கள் என்று சொன்னாங்க. சமையல் பற்றி சமைக்கிறவங்களே பேசினாங்க: "நூறு பேருக்கு சாம்பார் சாதம்னா பத்துக் கிலோ அரிசி, மூணு கிலோ பருப்பு, காலையில அஞ்சு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும்." பணத்தைப் பற்றிப் பொருளாளர் பேசினாங்க. சுத்தத்தைப் பற்றிப் பாத்திரம் கழுவும் பொறுப்பில் இருக்கிறவங்களே பேசினாங்க. நான் கடைசியாக, எங்கள் பழைய கடன்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று பேரேட்டைத் திறந்து காட்டினேன்.

ஒரு கேள்விக்கு எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. கேஸ் விலை ஏறினால் சாப்பாட்டு விலையை ஏற்றாமல் எத்தனை மாசம் தாங்குவீங்க என்று கேட்டார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். பொருளாளர், "இப்ப கணக்குப் போடாம சொன்னா தப்பா சொல்லிடுவேன் சார். நாளைக்குப் பத்து மணிக்கு எழுதிக் கொண்டாந்து தர்றேன்" என்றாங்க. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டு, மறுநாள் ஒன்பதரைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கேன்டீன் எங்களுக்குக் கிடைத்தது. எதனால் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு அம்மா, பிறகு கேன்டீனில் சாப்பிட வந்தபோது சமையல்காரங்களிடம், "அன்னைக்கு அஞ்சு மணிக்கு அடுப்புன்னு சொன்னது நீங்கதானே"ன்னு கேட்டாங்க.

அடுத்து போகிறவங்களுக்கு

கண்காட்சி ஸ்டால், சீருடை தையல், விருது, திட்ட நிதி என்று இனிமேல் உங்களுக்கு நேர்காணல்கள் வரும். நான் பார்த்ததிலிருந்து சில விஷயம் சொல்கிறேன்.

யார் எந்த வேலை செய்றாங்களோ அவங்களே அதைப் பேசட்டும். நன்றாகப் பேசுகிற ஒருத்தியைத் தேடாதீங்க. மாவு அரைக்கிறவளுக்கு மாவு பற்றிப் பேசப் பயிற்சி தேவையில்லை, தைரியம்தான் தேவை.

முதல் நாளே ஒருமுறை பேசிப் பாருங்க. நம்மில் ரெண்டு பேர் அதிகாரி மாதிரி எதிரில் உட்கார்ந்து, குறுக்குக் கேள்வி கேட்கட்டும். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்க. பதினைந்து நிமிஷம் என்றால் பன்னிரண்டில் முடியணும்.

எழுதியதை அப்படியே மனப்பாடம் பண்ணாதீங்க. நடுவில் ஒரு வார்த்தை மறந்தால் எல்லாம் நின்றுவிடும். தொகை, தேதி, ஆள் எண்ணிக்கை, இந்த மூணை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் வைத்துக்கொள்ளுங்க.

ஒருத்தி தடுமாறினால் மற்றவங்க பாய்ந்து பறிக்காதீங்க. அவளைப் பார்த்துத் தலையாட்டிக் காத்திருங்க. அப்புறமும் வரவில்லை என்றால், "அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன்"ன்னு தொடங்குங்க.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்க. எப்போது சொல்வீங்க என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே போய் நில்லுங்க.

இதெல்லாம் நேர்காணல் நாளில் வராது. வாரக் கூட்டத்தில் நோட்டு கை மாறினால்தான் வரும். இன்றைக்கும் நம்ம கூட்டமைப்பில் சில குழுக்களில் நோட்டு ஒரே வீட்டு அலமாரியில் தூங்குவதை நான் பார்க்கிறேன். அந்த ஊக்குநர் நல்லவங்களாகத்தான் இருப்பாங்க. நானும் நல்லவளாகத்தான் இருந்தேன்.

தூணோர அக்கா இப்போது கேன்டீனுக்குக் கறி வாங்கித் தருகிற பொறுப்பில் இருக்காங்க. போன மாதம் ஒரு புதுக் குழுவுக்குத் தரம் பிரிப்பு நடந்தபோது, முதல்நாள் சாயங்காலம் அவங்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, முன் வரிசையை விட்டுவிட்டு, கடைசி வரிசைப் பெண்ணைப் பார்த்து அக்கா கேட்டாங்க: "நீ சொல்லும்மா, உங்க குழுவுல என்ன வட்டி?"